படர்தாமரையும் பதினைந்து கிராம் ட்யூபும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு அப்புறம் வரவும். அரிப்பைப் பற்றி எழுதப்போகிறேன். அதுவும் எங்கே என்று வெளியில் சொல்லக் கூசுகிற இடத்து அரிப்பு. ரொம்ப நாளாக எழுத நினைத்து, தங்கமணி என்ன சொல்வாளோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் அவளே, "எழுதுங்க, நாலு பேருக்காவது புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். (அந்த நாலு பேரில் முதல் ஆள் யார் என்பது அவள் குரலிலேயே இருந்தது.)

2022 ஜூன் மாதம். கொரோனாவுக்காக இரண்டு வருஷம் டோம்பிவிலி வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து வேலை பார்த்த உடம்பை, திரும்ப ஆபீசுக்கு வா என்று கூப்பிட்டார்கள். சரியாக மழையும் ஆரம்பித்தது. மும்பை மழையைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதற்குள் முட்டி வரை நனைந்துவிடும், ஃபாஸ்ட் லோக்கலில் நூறு பேர் வியர்வையோடு அது வெந்துவிடும், ஆபீஸ் ஏசியில் ஒன்பது மணி நேரம் அதே ஜீன்ஸ், அதே சாக்ஸ். வீட்டுக்கு வந்தால், மூன்று நாள் முன்னால் துவைத்த உள்ளாடை கொடியில் இன்னும் சில்லென்று தொங்கும். சரி, உடம்பு சூட்டில் காய்ந்துவிடும் என்று அதையே போட்டுக்கொண்டு போவோம்.

தொடையிடுக்கில் எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் மேடு தட்டி, பொடிப் பொடியாகச் செதில். நடுவில் தோல் சாதாரணமாக இருந்தது. படர்தாமரை என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் ஊரில் பார்த்ததுதான். இங்கே மராத்தியில் கஜகர்ணம் என்பார்கள், இந்தியில் தாத். ரயில் பெட்டியில் களிம்பு விற்கிறவர் 'தாத், காஜ், குஜ்லி' என்று பாட்டாகவே பாடுவாரே, அதே தாத்.

டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் போய் என்ன காட்டுவது? தெருமுனை மெடிக்கலில் கூட்டம் குறைகிற வரை நின்று, குரலைத் தாழ்த்தி "குஜ்லி" என்று மட்டும் சொன்னேன். எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை. பதினைந்து கிராம் ட்யூப் ஒன்றை எடுத்து வைத்து, "தோ தின் மே ஆராம்" என்றார்.

மனுஷன் பொய் சொல்லவில்லை. இரண்டே நாளில் அரிப்பு போயே போச்சு. சிவப்பு வெளுத்துவிட்டது. ஒரு வாரத்தில் நிறுத்தினேன். பத்தாவது நாள் திரும்ப வந்தது, எட்டணா ஒரு ரூபாயாகி. மறுபடி ட்யூப். மறுபடி இரண்டு நாளில் சுகம். ஜூலையில் அந்தத் தொடை, ஆகஸ்டில் இந்தத் தொடை, செப்டம்பரில் பின்பக்கம், அடிவயிறு. அதற்குள் வட்டம் என்கிற வடிவமே போய்விட்டது. வரைபடத்தில் கண்டம் மாதிரி கோணல் மாணலாக, சிவப்பும் இல்லாமல் ஒரு பழுப்பு நிறம். லோக்கலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சும்மா வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடுவில் அம்மாவிடம் போனில் உளறிவிட்டேன், காலில் என்று இடத்தை மாற்றிச் சொல்லி. "வண்டுகொல்லி இலைய எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைச்சுப் போடுலே, ஒரு வாரத்துல வாடிப் போவும்" என்றாள். அந்த இலைக்குப் பூஞ்சையைக் கொல்கிற குணம் ஓரளவு உண்டுதான், அம்மா ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை. டோம்பிவிலியில் வண்டுகொல்லிக்கு எங்கே போவது? காய்ந்த இலையை இடித்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள். ஏற்கெனவே களிம்பு போட்டுப் போட்டு மெலிந்துபோன தோலில், எலுமிச்சம்பழச் சாறோடு. அன்றைக்கு ராத்திரி பாத்ரூமில் பக்கெட் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இந்த நான்கு மாதமும் வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ட்யூப் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. நான் தான் அதிகம் பிதுக்குகிறேன் என்று நினைத்தேன். ஆகஸ்டில் தங்கமணி படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள், பொண்ணோடு. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எனக்கு உள்ளூர நிம்மதி, ராத்திரி இஷ்டத்துக்குச் சொறியலாமே! அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதைக்கூட வேலைக் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் பொண்ணின் கன்னத்தில் வந்தது. ஆறு வயது. வலது கன்னத்தில் அழகாகக் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல ஒரு வட்டம். ஸ்கூல் டைரியில் டீச்சர், டாக்டரைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று எழுதி விட்டிருந்தார். எனக்கு வந்தபோது இல்லாத அவசரம் அப்போது வந்தது. அன்று சாயங்காலமே மூன்று பேரும் தோல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மா ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குழந்தையின் கன்னத்தை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு இது பழக்கம் போல, பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பொண்ணுதான் பேசியது: "அப்பா ராத்திரி சொறிவாங்க. அம்மாவும் சொறிவாங்க."

அப்போதுதான் எனக்குத் தெரியும். பாவாடை நாடா கட்டுகிற இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி, மார்புக்குக் கீழே மடிப்பில். ஜூலையிலிருந்து. என் ட்யூபை எடுத்து எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்பதற்கு முன்னால் அவள் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டாள், தனக்குத் தெரிந்த இந்தியில், தலையைக் குனிந்துகொண்டு. "இது... வெளியில் போய் வாங்கிக்கொண்டு வருகிற வியாதியா?"

நான்கு மாதமாக அந்தக் கேள்வியோடு அவள் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். "அம்மா, லோக்கல் ட்ரெயினில் போகிறவருக்கு இது வர வேறு எங்கும் போக வேண்டாம். நனைந்த துணி போதும். அவரிடமிருந்து உங்களுக்கு வர ஒரே துண்டு போதும், ஒரே மெத்தை போதும், ஒரே பக்கெட்டில் ஊறிய துணி போதும்" என்றார். தங்கமணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து பரீட்சை. மழுங்கிய கத்தி ஒன்றால் என் தொடையில் ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை கரையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடி நூல் மாதிரி, கிளை விட்டு, குறுக்கே கணு கணுவாக. என்னைத் தின்றுகொண்டிருந்த ஜீவன்!

தின்றுகொண்டிருந்த என்றால் நிஜமாகவே. தோலின் மேல் அடுக்கு செத்துப்போன செல்கள்தான். அதில் உள்ள கெரட்டின் என்கிற புரதம்தான் இதற்குச் சாப்பாடு. நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதேதான். நடுவில் இருப்பதைத் தின்றுவிட்டு வெளிப்பக்கம் பரவும். நடுவில் நம் உடம்பு அதை அடக்கிவிடும், ஓரத்தில் சண்டை நடந்துகொண்டே இருக்கும். வட்டம் வருவது அதனால்தான். சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் சத்தம்.

"பழைய ட்யூபைக் காட்டுங்கள்" என்றார். பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. (எப்போதும் இருக்கும்.) பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். நான்கு மருந்து ஒரே ட்யூபில். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, இன்னொரு கிருமிக்கு ஒன்று, கடைசியாக கிளோபிடசால். இதுதான் ஆள். தோலில் போடுகிற ஸ்டீராய்டுகளிலேயே ரொம்ப வீரியமான வகை. அது பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நம் உடம்பின் சண்டையை நிறுத்தும். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். நான் நான்கு மாதம் அந்த அமைதிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். திருடன் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தான்.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். கிளோட்ரிமசோல் என்பது பூஞ்சை மருந்து. கிளோபிடசால் என்பது ஸ்டீராய்டு. அவசரத்தில் படித்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று பார்த்தாலும் ஸ்டீராய்டுதான். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்ததில் இந்த ஜாதிக் களிம்புகள் சிலதும் அடிபட்டன. அதற்கு நான்கு வருஷம் கழித்து எனக்குக் கவுன்ட்டரில் சீட்டில்லாமல் கிடைத்தது. சட்டம் எழுதியவர் மெடிக்கல் வாசலில் வெட்கப்பட்டு நின்றதில்லை போலும்.

இன்னொரு விஷயமும் சொன்னார். முன்பெல்லாம் டெர்பினாஃபின் மாத்திரை இரண்டு வாரம் கொடுத்தால் படர்தாமரை ஓடிவிடும். இப்போது நிறையப் பேருக்குக் கேட்பதில்லை. பூஞ்சை தன் மரபணுவில் ஒன்றை மாற்றிக்கொண்டு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு! 2023-ல் நியூயார்க்கில்கூடக் கண்டுபிடித்தார்கள் என்று பிறகு படித்தேன். சாஃப்ட்வேர் ஆட்கள் மாதிரி அதுவும் வெளிநாடு போய்விட்டது :)

எனக்கு இட்ராகொனசோல் காப்ஸ்யூல், 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். தங்கமணி உடனே, "கேஸ் மாத்திரை தினம் காலையில்" என்று போட்டுக் கொடுத்தாள். நல்லவேளை. இந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், நானோ அமிலத்தை நிறுத்துகிற மாத்திரையை ஆறு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதை நிறுத்தி, காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடாமல் நன்றாகச் சாப்பிட்டவுடன் போடச் சொன்னார். கொழுப்புக்கு, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சில மாத்திரைகளோடு மோதும், அதனால் எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டுமாம். தங்கமணிக்கும் காப்ஸ்யூல்தான், கர்ப்பம் இல்லை, இப்போதைக்கு உத்தேசமும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு. பொண்ணுக்கு மாத்திரை இல்லை, கன்னத்துக்குக் களிம்பு மட்டும், ஸ்டீராய்டு கலக்காதது. களிம்பை வட்டத்துக்குள் மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை, ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வெளியிலும் போட வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டித்தான் நிற்கும்.

"முதல் பத்து நாள் என்னைத் திட்டுவீர்கள்" என்றும் எச்சரித்தார். திட்டினேன். வாயைக் கட்டிய நாயை அவிழ்த்துவிட்டால் எப்படிக் குரைக்கும்? ஸ்டீராய்டை நிறுத்தியதும் எல்லா இடமும் நெருப்பாகச் சிவந்தது. நான்காவது நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குப்பைக்கூடையைக் கிளறி அந்தப் பழைய ட்யூபை எடுத்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போது விளக்கு எரிந்தது. தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்து வாங்கி, சிங்க்கில் கடைசிச் சொட்டு வரை பிதுக்கிவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவளுக்கும்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் விடியும் வரை இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து பேசினோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. "கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?" என்றாள்.

மூன்றாவது வாரம் தோல் சுத்தமாகிவிட்டது. எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். மாத்திரையும் விலை, மனசும் சரியாகிவிட்டது என்று சொல்லும். டாக்டரம்மா விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் தொடர வேண்டும் என்றார். எனக்கு ஒன்பது வாரம், அவளுக்கு ஏழு. ஒருத்தர் முடித்து இன்னொருத்தர் முடிக்காமல் இருந்தால் பூஞ்சை வீட்டுக்குள்ளேயே ஊஞ்சல் ஆடுமாம்.

வீட்டில் மாற்றியது என்னவென்றால், ஆளுக்கொரு துண்டு. என்னுடையதில் சிவப்பு நூலில் ஒரு தையல், அவளுடையதில் பச்சை, பொண்ணு தனக்கு மஞ்சள்தான் வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டது. உள்ளாடை, சாக்ஸ், படுக்கைவிரிப்பு எல்லாம் தனியாக வெந்நீரில். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் இஸ்திரிப்பெட்டி. உள்ளாடைக்கு இஸ்திரி போடுகிற ஒரே சாஃப்ட்வேர் இன்ஜினியர் நான்தான் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆபீஸ் பையில் ஒரு பேண்ட், ஒரு ஜோடி சாக்ஸ். போனதும் கால்விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டு மாற்றிவிடுவேன். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி உரிகிற சேற்றுப்புண்ணும் இந்தக் குடும்பத்துப் பூஞ்சையால் வருவதுதான். காலில் இருப்பது சாக்ஸ் போடாமல் ஜட்டியை ஏற்றினால் தொடைக்கு வந்துவிடும். முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. சிரிப்பாக இருக்கும், ஆனால் டாக்டர் சொன்னது.

எல்லா வட்டமும் படர்தாமரை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். முதுகிலும் மார்பிலும் வெளிறிப்போய் மெல்லிய செதிலோடு வருகிற தேமல் வேறு. அது எல்லார் தோலிலும் இருக்கிற ஈஸ்ட், புழுக்கத்தில் கொழுத்துவிடும். மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாசக் கணக்காகும், அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று கடைக்கு ஓட வேண்டாம். வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். அப்புறம், மர்ம உறுப்பில் அரிப்பும் வெள்ளைப் படிவும் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். என் டீமில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதே அப்படித்தான் தெரிந்தது.

பொண்ணின் கன்னம் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது, சுவடே இல்லை. 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா அதன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வண்டுகொல்லி கேட்டுச்சு பாத்தியா" என்றாள். தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம்மா என்றேன்.

என் தொடையில் மட்டும் பிரசவமான வயிற்றில் இருப்பது போல வரி வரியாகத் தழும்பு நிற்கிறது. ஸ்டீராய்டு தோலைக் கிழித்த இடம். அது போகாது என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

போன மழையில் அதே மெடிக்கலில் இருமல் மருந்துக்கு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பையன், இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு இருக்கும். கூட்டம் குறையட்டும் என்று என்னை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினான். போனில் அவன் பேசியது மதுரைத் தமிழ். எனக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, எத்தனையாவது ட்யூபு?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்துவிட்டு, "மூணாவதுண்ணே" என்றான். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவனைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போனேன். இரண்டு கட்டிங் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கிளினிக்குக்கு வழியை பில்லின் பின்பக்கம் படமாகப் போட்டுக் கொடுத்தேன். "ரூம்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு பேருண்ணே" என்றான்.